புல்வெட்டும் யந்திரம் வாங்குமுன்



புல்வெட்டும் யந்திரத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நிலத்தைப் பார்த்தல் வேண்டும். சமமான மைதானத்திற்குச் சக்கர யந்திரம் ஏற்றது. அரை மீட்டர் அகலம் வெட்டும் யந்திரத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினால் 1,500 சதுர மீட்டர் முடியும். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். அகலம் இரட்டித்தால் நேரம் பாதியாகும். பல ஏக்கர் சமநிலத்திற்கு டிராக்டரில் பூட்டும் யந்திரம் நன்று.

ஏரிக்கரைச் சரிவிலோ சக்கர யந்திரம் கவிழக்கூடும். அங்கே தோளில் மாட்டும் யந்திரமே தக்கது. இளம்புல்லுக்கு நைலான் நரம்பையும், தடித்த தண்டுக்கு இரும்புக் கத்தியையும் பொருத்துக. தெறிக்கும் கல் கண்ணைப் போக்கிவிடும். ஆதலால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பிறரை 15 மீட்டருக்கு அப்பால் நிறுத்துக.

உதிரிப் பாகமும் பழுது பார்ப்போரும் அருகில் இல்லையெனில், பொதுப்பணம் துருப்பிடித்துக் கிடக்கும். விசாரித்து வாங்குவீராக.