கல் நின்ற தோட்டங்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் தோட்டக்கலை கற்றவனல்லன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஜப்பானுக்குப் போனவனுமல்லன். அந்நாட்டில் புகுயி நகரிலிருந்து மலைக்குள் செல்லும் சிறு ரயில் பாதையொன்று, 2004-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாலங்களை இழந்து, 2007-இல்தான் மீண்டும் முழுவதும் ஓடிற்று என்று படித்தேன். பாலங்களைப் பற்றி அறியப் போனவன், அப்பாதையிலுள்ள இச்சிஜோதானி என்னும் சிறு நிலையத்தில் இறங்கித் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டேன். எல்லாம் நூலகத்து நாற்காலியில் இருந்தபடியேதான்.

இச்சிஜோதானி ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அஸாகுரா குடியினர் ஐந்து தலைமுறை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், அங்கிருந்து அரசாண்டனர். 1573-இல் ஓடா நொபுனாகாவின் படை அவ்வூரைக் கொளுத்திற்று. மரத்தாலான மாளிகைகள் சாம்பலாயின. மண் மூடிற்று, மேலே நெல்வயல் வந்தது. சற்றேறக்குறைய நானூறு ஆண்டுகள் அங்கே நாற்று நட்டார்கள். 1967-இல் அகழ்வாய்வு தொடங்கியபின் வீதிகளும் கிணறுகளும் வீட்டு அடித்தளங்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அரசனுடைய மாளிகை இருந்த இடத்தில் மண்ணை அகற்றியபோது, ஒரு சிறு குளமும் அதன் கரைக் கற்களும் வைத்தவன் வைத்தபடியே இருந்தனவாம். அதை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

எல்லாமே புதையுண்டு போகவில்லை. கடைசி அரசன் யோஷிகாகே தன் காதற்கிழத்திக்காக அமைத்த தோட்டத்தில் சுமார் 4 மீட்டர் உயரமான கல்லொன்று இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. மேட்டின்மேல் யூதோனோ என்றொரு தோட்டம். அதன் கற்கள் முரட்டுத்தனமாக, போருக்கு நிற்பவர்போல் நிற்கும். இவற்றையெல்லாம் 1991-இல் அந்நாட்டு அரசு தனிச்சிறப்புடைய எழில் இடங்களாக அறிவித்தது.

கல் மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். ஜப்பானியத் தோட்டத்தில் கல்லே எலும்பு. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஸாகுதெய்க்கி’ என்னும் தோட்ட நூல் கல் நாட்டும் முறையைத்தான் விரித்துப் பேசுகிறது. நின்ற கல்லைக் கிடத்துவதும் கிடந்த கல்லை நிமிர்த்துவதும் தீங்கு என்று கூட அதில் விலக்கு உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள்.

மற்றவையோ ஆண்டுதோறும் மனிதன் கைபட வேண்டியவை. கை நின்றதும் பைன் மரம் தன் போக்கில் ஓங்கிவிடும், உருண்டையாகக் கத்தரித்த அசேலியாச் செடி கலைந்து புதராகும், பாசிமெத்தை சருகின் கீழ் மடியும், குளம் தூர்ந்துபோகும். மூங்கில் நிலத்தடியிலேயே வேரோடி வந்து முற்றத்தில் முளைக்கும். பிறகு, காட்டுக்குள் போகும் நடைகற்களின் வரிசையைக் கண்டுதான் இங்கே ஒரு வீடு இருந்தது என்று அறியவேண்டும். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 இலட்சம். நூற்றுக்குப் பதினாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புறத்து இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். முதியவர்கள் காலமாகிறார்கள். தோட்டத்துக்குக் கத்தரி எடுப்பவர் இல்லை. பாழடைந்த தோட்டம்தான் அழகு என்று சிலர் படமெடுத்துப் போடுகிறார்கள். மூங்கில் வேரை ஒருநாள் வெட்டிப் பார்த்தால் அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இங்கே ஒருவரைச் சொல்லவேண்டும். 1934-இல் வீசிய பெரும்புயலில் கியோத்தோ வட்டாரத்துப் பழந்தோட்டங்கள் பல சீர்குலைந்தன. அவை எப்படி இருந்தன என்பதற்குச் சரியான வரைபடங்கள் இல்லை. ஓவியம் பயின்ற ஷிகெமொரி மிரேய் என்பவர் 1936 முதல் நாடெங்கும் சுற்றி, நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்து வரைந்து, 26 தொகுதிகளாக வெளியிட்டார். பின்னாளில் அவரே பெரிய தோட்டக் கலைஞராகப் புகழ் பெற்றார். ஆனால் அந்த அளவுக் கணக்குதான் என்னைக் கவர்ந்தது. குமாஸ்தா புத்தி!

சென்ற மாதம் என் மகன், தாத்தா வீட்டுக் கொல்லை எப்படியிருக்கும் என்று கேட்டான். அவன் பிறந்தது இந்தக் காலனியில். நமது வீடு பூட்டிக் கிடப்பதோ பல ஆண்டுகளாக. ஒரு பழைய படிவத்தின் பின்புறத்தில் வரைய உட்கார்ந்தேன். கிணறு வந்தது, துவைகல் வந்தது, தொட்டி வந்தது. அம்மா வைத்த பவழமல்லி கிணற்றுக்குக் கிழக்கா, மேற்கா, எத்தனை அடி தள்ளி என்று எனக்கு நினைவு வரவில்லை. ஊரில் இருக்கும் தமக்கைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அளந்து எழுதும்படி சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.