பெரிய ஊரைத் தொடாமல் ஊர் வந்து சேர...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா கிளாஸ் எடுத்துடாதே" என்று சங்கச் செயலாளர் அன்போடு எச்சரித்திருக்கிறார். ஆகவே வெளியூரிலிருந்து வந்திருக்கும் எல்லோருக்கும் பயன்படுகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பெரிய நகரங்களைத் தொடாமல் காரில் ஊர் வந்து சேர்வது எப்படி?

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்கி நாலடி நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று சுற்றி வந்தால் ரோடு அகலம்தான். ஆனால் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இறங்கவும் முடியாது, நகரவும் முடியாது.

அதனால் நாங்கள் வருவது கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழி. முன்பு 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்பார்கள். இப்போது அதன் எண் 77. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இதில் பெரிய ஊர் என்றால் திருவண்ணாமலை ஒன்றுதான். மற்றபடி முக்கால் மணிக்கு ஓர் ஊர் வந்துவிடும். டீக்கடை, மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், நிழலில் நிறுத்த ஒரு புளியமரம் எல்லாம் உண்டு. செஞ்சியில் அம்மா கோட்டையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். 2025-இல் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மேலே ஏறிப் பார்த்திருக்கிறார்கள்?

கைப்பேசி மேப்பில் சுங்கச்சாவடியைத் தவிர்க்க வழி இருக்கிறது. பெரிய நகரத்தைத் தவிர்க்க அப்படி ஒரு பட்டன் கிடையாது. ஊத்தங்கரை, செங்கம், செஞ்சி என்று இடையிலுள்ள ஊர்களை நாமே ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதோடு காலண்டரையும் பார்க்க வேண்டும். பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலைப் பக்கமே போகாதீர்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் வரும். சிறிய ரோட்டில் இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம். எந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. பிரான்சில் ஆகஸ்ட் விடுமுறைக்கு எல்லோரும் ஒரே நாளில் காரை எடுப்பார்கள். 1975-இல் அப்படி நாடே ஸ்தம்பித்துப் போனது. மறு வருஷமே அரசாங்கம் 'பிஸோன் ஃப்யூத்தே' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 'புத்திசாலிக் காட்டெருமை' என்று பொருள். என்றைக்குக் கிளம்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெரிய நகரங்களையும் நெரிசலையும் சுற்றிப் போக மாற்று வழிகளுக்குப் பச்சை அம்புக்குறிப் பலகைகள் நட்டார்கள். நாம் டீக்கடையில் விசாரிப்பதை அவர்கள் பலகையில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பலகை நமக்கு எவ்வளவு தேவை என்பது ஃபெஞ்சல் புயலின்போது புரிந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் ஏறி சென்னை-திருச்சி நெடுஞ்சாலை நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயிலும் நின்றது. ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிற விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள். சரி, மாற்று வழியில் போகலாம் என்றால், அதே மழை ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே அடித்துக்கொண்டு போனது. ஊத்தங்கரைத் தண்ணீரும் கடைசியில் தென்பெண்ணைக்குத்தான் வருகிறது.

சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேப்பில் தனித்தனிக் கோடாகத் தெரியும் இரண்டு ரோடுகள் ஒரே ஆற்றின் வடிநிலத்தில் இருந்தால், ஒரே மழையில் இரண்டும் முழுகலாம். வெள்ள நாளில் ஒன்றுக்கு இன்னொன்றை நம்பிவிட முடியாது. எந்தத் தரைப்பாலம் முதலில் முழுகும், எந்த ஏரிக்கரை ரோடு கடைசி வரை தாங்கும் என்பது கைப்பேசிக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இப்போது பைபாஸ் சுற்றிக்கொண்டு போகிறது. சென்னைக்காரர்களுக்கு விக்கிரவாண்டி டோல்கேட் தெரியும், நம் ஊர் தெரியாது. அவர்கள் தவிர்க்கிற ஊர் நம்முடையது. வெள்ளத்தன்று அவர்கள் வழி கேட்டு வந்து நிற்பதும் நம்மிடம்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர்கள் வரும் கோடை விடுமுறையில் சைக்கிளிலோ பைக்கிலோ போய், நம் இரண்டு ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் உள்ள கிளை ரோடுகளைப் பார்த்து, தரைப்பாலம், ஏரிக்கரை, ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எல்லாம் குறித்த ஒரு வரைபடம் தயாரியுங்கள். பெட்ரோல் செலவும் அச்சுச் செலவும் எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். சங்கத்தின் அனுமதியோடு அதை அடுத்த மலரில் நடுப்பக்கத்தில் வெளியிடுவோம். ஒரு பிரதியைக் கலெக்டர் ஆபீஸிலும் கொடுப்போம்.

செயலாளர் வாட்சைப் பார்க்கிறார். திரும்பிப் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.