பண்டிகைக் காலத்தில் கூடத்துப் பாத்திர விற்பனை

புரட்டாசியில் கொலுவுக்காகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கும் நாள் தொடங்கி, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம், மார்கழிக் கடைசியில் போகி, தை பிறந்ததும் பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த நான்கு மாத காலத்தில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் அடுப்புக்கு ஓய்வே இருப்பதில்லை. அடுப்பு ஓயாத அக்காலத்தில்தான், இருக்கிற வாணலி போதவில்லை, முறுக்கு நாழியின் வில்லை தேய்ந்துவிட்டது, பட்சணம் எடுத்து வைக்க நல்ல தூக்கு ஒன்று இல்லை என்கிற குறைகளும் வீட்டில் உள்ளவர்களுக்குப் புலப்படுகின்றன. இந்தச் சமயம் அறிந்து, தெருவிலும் உறவிலும் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரைத் தம் வீட்டுக் கூடத்துக்கு அழைத்து, உபசரித்து, சமையல் பாத்திரங்களை விற்றுத் தம் கைக்கென்று சிறிது வருமானம் தேடிக்கொள்ளும் பெண்மணிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் அழைப்பை ஏற்றுச் செல்பவர்களுக்கும் உபயோகப்படக்கூடிய சில யோசனைகளை இன்று சொல்ல விரும்புகிறேன்.

கூடத்தையே கடையாக்கும் இந்த வியாபாரம் ஓர் ஒழுங்கான முறையாக உருப்பெற்றது அமெரிக்காவில். 1930-களிலேயே ஸ்டான்லி ஹோம் பிராடக்ட்ஸ் என்ற ஸ்தாபனத்தார் துடைப்பம், தூரிகை போன்ற வீட்டுச் சாமான்களை இவ்விதம் விற்று வந்தார்கள் என்றாலும், இதற்கு உலகப் பிரசித்தி உண்டானது ஏர்ல் டப்பர் என்பவர் 1946-ல் பாலிதீனால் செய்து வெளியிட்ட கிண்ணங்களாலும் டப்பாக்களாலும்தான். மூடியின் நடுவை அழுத்தி, விளிம்பைச் சிறிது தூக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அந்த மூடி சரியாகப் பற்றிக்கொள்ளும். அதைச் செய்து காட்ட ஆளில்லாத காரணத்தால் பெரிய பெரிய கடைகளின் அலமாரிகளில் அவை விலைபோகாமல் தேங்கின. கணவரைப் பிரிந்து, ஒரே மகனைத் தம் உழைப்பால் வளர்த்துவந்த பிரௌனி வைஸ் என்ற பெண்மணி, அதே சாமான்களை வீட்டு விருந்துகளில் கையால் இயக்கிக் காட்டி, திரவம் நிரப்பி மூடிய கிண்ணத்தைக் கூடத்தின் குறுக்கே தூக்கி எறிந்தும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாததைப் பிரத்தியட்சமாக நிரூபித்து, கடைக்காரர்களால் இயலாததைச் சாதித்தார். 1951-ல் டப்பர் தம் சரக்கைக் கடைகளிலிருந்து அடியோடு விலக்கிக்கொண்டு, விற்பனை முழுவதையும் அந்த அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1954-ல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் அவரே. அப்படிப்பட்டவரை 1958-ல் பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அதே ஆண்டில் டப்பர் தம் ஸ்தாபனத்தை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார் என்பதைப் படிக்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடிவதில்லை.

டப்பர்வேர் என்று பெயர் பெற்ற அந்தச் சரக்கு 1996-ல் நம் தேசத்துக்கு வந்தது. கூடத்து விற்பனையும் அதனோடு நம் நகரங்களில் பரவிற்று. ஆயினும் நாலு பெண்கள் ஓரிடத்தில் கூடிப் பாத்திரம் வாங்குவது நமக்கு அந்நியமான காரியமன்று; மாதாமாதம் பணம் கட்டித் தீபாவளிக்குப் பாத்திரம் எடுக்கும் சீட்டும், திண்ணையில் பழைய துணி மூட்டையை அவிழ்த்துப் பேரம் பேசி எவர்சில்வர் சாமான் வாங்கும் வழக்கமும் நம்மிடையே நெடுநாளாக உண்டு. நம் பண்டிகைகளின் போக்கையும் மரியாதையையும் கெடுக்காமல் இந்த விற்பனையை எப்படி நடத்துவது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் ஒன்றை மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். கூடத்து விற்பனையின் பலம் எதுவோ அதுவே அதன் அபாயமுமாகும். காபி கொடுத்தார்கள், பட்சணம் கொடுத்தார்கள், அடுத்த வீட்டுக்காரி, நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும், ஒன்றும் வாங்காமல் எப்படி எழுந்திருப்பது என்ற தாட்சண்யத்தினாலேயே, மாதக் கடைசியில் கையில் இருந்த பணத்தைக் கொடுத்து, வேண்டாத பாத்திரத்தை வாங்கிவந்து, வீட்டில் அதற்குச் சமாதானம் சொல்லத் தெரியாமல் சங்கடப்படும் பெண்கள் எத்தனையோ பேர். அவ்விதம் கிடைக்கும் லாபம், விற்றவருக்கும் நல்லதன்று. அடுத்த முறை அழைத்தால் வரமாட்டார்கள். ஆகையால் அழைக்கும்போதே இது விற்பனை என்பதைத் தெளிவாகச் சொல்லி அழைக்க வேண்டும். வந்தவர்களுக்குக் குங்குமமும் வெற்றிலை பாக்கும் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தாம்பூலம் பெற்றுக்கொண்டவர் எந்நேரமும் விடைபெறலாம் என்பது நம் வழக்கமாகையால், போக விரும்புபவர் கூச்சமின்றிப் போகலாம். வேண்டியதை ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்று சபையில் உரக்கப் படிப்பது கூடவே கூடாது.

இதே காரணத்தால், கொலு மாலைகளில் விற்பனை செய்வதை நான் ஒப்பமாட்டேன். பொம்மை பார்க்கவும், ஒரு பாட்டுப் பாடவும், சுண்டல் வாங்கிக்கொண்டு போகவும் வந்தவளிடம் விலைப்பட்டியலை நீட்டுவது, அம்பாள் பேரைச் சொல்லி அழைத்த அழைப்புக்குத் துரோகம். கொலுவுக்கு வந்தவர்களிடம், விஜயதசமி கழித்து இன்ன நாள் பாத்திரங்கள் காட்டப்போகிறேன், விருப்பமானால் வாருங்கள் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதும். விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் இருப்பதால், முதல் வாரத்தில் கூட்டம், இரண்டாம் வாரத்தில் சரக்கு வரவழைப்பு, மூன்றாம் வாரத்தில் பட்சணம் தொடங்குமுன் வீடுவீடாகச் சேர்ப்பித்தல் என்று வேலை தானாகவே வகுபட்டுவிடுகிறது.

நாளும் வேளையும் குறிப்பதில் வருபவர்களின் நம்பிக்கைக்கு இடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோருக்கும் சௌகரியந்தான்; ஆனால் அன்று நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் ஆதலால், அந்நேரத்தில் பேச்சும் சமையலும் நடந்து, பணம் கைமாறுவது ஆறுக்குப் பின் அமையட்டும். சனிக்கிழமை இரும்பு வாங்கலாகாது என்று கருதும் குடும்பங்கள் பல. தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் விற்பவர் அந்த நாளைத் தவிர்ப்பதே விவேகம்.

இனி, செய்து காட்டும் விதம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பாத்திரத்தின் குணங்களை வாயால் வர்ணிப்பதைக் காட்டிலும், வரப்போகும் பண்டிகையின் வேலை ஒன்றை அந்தப் பாத்திரத்தைக் கொண்டே கூடத்தில் செய்து முடிப்பது ஆயிரம் மடங்கு மேல். திருச்சியில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அவர் கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாகவே தேன்குழல் பிழிந்து, பாதியைத் தாம் விற்கும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவிலும், மறுபாதியைச் சாதாரணத் தகர டப்பாவிலும் போட்டு, இரண்டையும் சமையலறையில் ஒரே பலகைமேல் வைத்திருந்தார். ஐப்பசி மாதத்து மழைக்காற்று எதையும் நமுக்க வைத்துவிடும் அல்லவா? எல்லோரும் வந்து அமர்ந்த பிறகு, ஒரு பேச்சும் பேசாமல் இரண்டு தட்டுகளை நடுவில் வைத்து, ஒடித்துப் பாருங்கள் என்றார். ஒரு தட்டுத் தேன்குழல் ‘படக்’கென்று ஒடிந்தது. மற்றது வளைந்து, தயங்கி, சத்தமின்றி இரண்டாயிற்று. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் அந்த டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “எனக்கு விரலில் பிடிப்பு; இதைத் திறக்க முடியவில்லையேடி அம்மா” என்றார். அந்தப் பெண்மணி சிறிதும் மறைக்காமல், “உங்களுக்கு இது வேண்டாம் பாட்டி, திருகு மூடி போட்ட சம்படம் வரவழைத்துத் தருகிறேன்” என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்கள்.

தோசைக்கல் விற்பவர், புதுக் கல்லையும், எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துப் பல நாள் பழக்கிய கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்த்துக் காட்டட்டும். புதுக் கல்லில் தோசை ஒட்டிக்கொள்வதை ஒளிக்காமல் காட்டினால், வீட்டுக்குப் போய் முதல் நாள் ஏமாந்து சாமானைக் குறைசொல்லும் நிலை வராது. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்காக ஒரு சிறு காந்தம் கைவசம் இருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் பற்றினால்தான் அந்த அடுப்பில் அது சூடேறும். காந்தம் பற்றாத எவர்சில்வர் மட்டமானது என்றோ, பற்றுவது மட்டமானது என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது; உபயோகம் வேறு, அவ்வளவே.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பை விற்பவருக்குப் பொறுப்பு அதிகம். அது வெள்ளீயமாகவே இருக்க வேண்டும். காரீயம் கலந்ததென்றால் அது நஞ்சு. நம்பகமான இடத்திலிருந்து, எந்த உலோகம் என்று எழுதிய ரசீதோடு வாங்காத சொம்பைத் தயவுசெய்து எவரும் விற்க வேண்டாம். வெள்ளீயம் 232 பாகை சென்டிகிரேட் வெப்பத்திலேயே உருகிவிடும் ஆகையால், உள்ளே புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதை, புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்களுக்கு ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்ப வேண்டும்.

மேல்நாட்டார் இத்தகைய கூட்டங்களில் விளையாட்டுகள் வைத்துச் சிறு பரிசுகள் கொடுப்பதுண்டு. நமக்கு ஏற்றதாக ஒன்று சொல்கிறேன்: ஒரு தூக்கையோ சம்படத்தையோ நடுவில் வைத்து, இது எத்தனை ஆழாக்கு அரிசி கொள்ளும் என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு எல்லோர் முன்னும் அளந்து கொட்டுங்கள். கண்ணளவில் பெரிதாகத் தோன்றுவது அளக்கும்போது சிறுத்துப்போவதையும், சப்பையாகத் தெரிவது நிறையக் கொள்வதையும் கண்டு, தமக்கு வேண்டிய அளவு எதுவென்று ஒவ்வொருவரும் அறிந்துகொள்வார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு கரண்டி பரிசு.

மற்றொரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரைக் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள். நம் வீடுகளில் பாத்திரம் என்றால் அதில் பெயர் இருக்கும். சீர் கொடுத்த பாட்டியின் பெயர், இன்னார் கல்யாணத்தில் இன்னார் அன்பளிப்பு என்ற வாசகம், தேதி எல்லாம் புள்ளி புள்ளியாகப் பொறித்த அந்த வரிகளைக் கொண்டே சில குடும்பங்களின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரும் வீட்டார், பொங்கல் சீர் அனுப்பும் தாய்மார்கள் ஆகியோர், தாம் எடுத்த அண்டாவிலோ குடத்திலோ அங்கேயே பெயர் பொறித்து வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் பெரிதும் சந்தோஷப்படுவார்கள். வெட்டு முனை உலோகத்தில் இறங்கும் ‘கிர்’ரென்ற ஓசைக்குக் குழந்தைகள் எல்லாம் சுற்றி நின்றுவிடுவார்கள். ஒரு வார்த்தை மட்டும்: எழுத்துக்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வெட்டச் சொல்லுங்கள், உலோகத்தில் விழுந்த பிழைக்குப் பரிகாரமில்லை.

மற்றப் பண்டிகைகளுக்கும் அவற்றவற்றின் வேலை உண்டு. கார்த்திகைக்கு அப்பக்காரை, போகிக்குப் பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்தல், பொங்கலுக்கு வெண்கலப் பானை, கிறிஸ்துமஸுக்கு கேக் தட்டும் அச்சு முறுக்கு அச்சும், ரமலானுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சா. எந்தச் சமயத்தார் வீட்டில் கூடினாலும் அவர்கள் பலகாரம் இன்னதென்று அறிந்து, அதைச் செய்யத் தெரிந்த அவ்வீட்டு அம்மாளையே கரண்டி பிடிக்கச் சொல்வது மரியாதை.

சட்டமும் சிலவற்றை விதித்திருக்கிறது. நேரடி விற்பனை பற்றி 2021-ல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஒரு நேரடி விற்பனை ஸ்தாபனத்துக்காக விற்கும் பிரதிநிதி, முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெறாமலும் அடையாள அட்டை இல்லாமலும் வாங்குபவர் வீட்டுக்குப் போகலாகாது. தாம் யார், எந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர், வந்த நோக்கம் என்ன என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும். பாத்திரம் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் சங்கிலித் திட்டங்கள் அவ்விதிகளால் தடுக்கப்பட்டவை. பாத்திரம் வாங்க அழைத்துவிட்டு, நீங்களும் பத்துப் பேரைச் சேருங்கள் என்று எவரேனும் பேச்சை மாற்றினால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வருவதற்குத் தயங்காதீர்கள்.

சாமானைச் சேர்ப்பிக்கும்போது நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறும் பாத்திரத்தைக் கொடுப்பது நம் வழக்கமன்று. ஒரு பிடி சர்க்கரையோ, ஒரு மஞ்சள் துண்டோ உள்ளே இருக்கட்டும். ரசீதையும் அப்போதே கொடுத்துவிட்டு, மூடியைப் போட்டுப் பார்த்து, கைப்பிடித் திருகை முடுக்கிப் பார்த்து, குக்கரானால் ரப்பர் வளையம் சரியாக உட்காருகிறதா என்று அவர்கள் கண்ணெதிரே சோதித்துவிட்டு வாருங்கள். பழுது இருந்தால், அவர்கள் பட்சணத்துக்கு வாணலி ஏற்றும் நாளுக்குள் மாற்றிக் கொடுத்தாக வேண்டும்; அதற்காகவே இரண்டு மூன்று நாள் அவகாசம் வைத்துக்கொண்டு சரக்கை வரவழையுங்கள்.