கைப்பேசி சொல்லும் கதை



விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டால், படிப்பு போயிற்றே என்று கவலைப்படுகிறோம். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, பிறகு பேச வேண்டிய விளையாட்டும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அதன் பெயர் 'ஃபோன் ஸ்டோரி'. 'கைப்பேசியின் கதை' என்று நாம் தமிழில் சொல்லலாம். பாவ்லோ பெடர்சினி என்னும் இத்தாலியர், 'மொல்லேஇந்துஸ்திரியா' என்ற பெயரில் 2003ஆம் ஆண்டு முதல் இத்தகைய விளையாட்டுகளைச் செய்து வருகிறார். 'ஃபோன் ஸ்டோரி' 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்தது. இதில் கைப்பேசியே வாய் திறந்து, தான் பிறந்து வளர்ந்த கதையைச் சொல்கிறது. அதற்கு நான்கு கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் நடக்கிறது. அங்கே கோல்டான் என்னும் தாதுவை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் டாண்டலம் என்ற உலோகம், கைப்பேசியின் நுண்ணிய மின்பாகங்களுக்குத் தேவைப்படுகிறது. திரையில் சிறுவர்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நின்றிருப்பார்கள். களைத்து நிற்கும் பையனை நோக்கிக் காவலனை நகர்த்தி அதட்டச் செய்ய வேண்டும். குறித்த நேரத்திற்குள் போதிய தாது சேர்ந்தால்தான் வெற்றி.

இரண்டாம் கட்டம் சீனாவில். 2010ஆம் ஆண்டில் ஷென்சென் நகரத்தில் ஃபாக்ஸ்கான் என்ற பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தொழிலாளர்கள் பலர், ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன்பின் அங்கே கட்டிடங்களைச் சுற்றி வலை கட்டப்பட்டது. விளையாட்டில், மேலிருந்து விழுகிறவர்களை வலை விரித்துப் பிடிக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தில், புதிய கைப்பேசிக்காகக் கடைக்கு ஓடிவருகிறவர்களுக்கு அதை வீசிக்கொடுக்க வேண்டும். நான்காம் கட்டத்தில், வீசியெறியப்பட்ட பழைய கருவிகள் பாகிஸ்தானுக்குக் குப்பையாகப் போய்ச் சேர்கின்றன. அங்கே ஏழை மக்கள் நச்சுப்புகைக்கு நடுவே அவற்றை உடைத்து, உருக்கி, உலோகம் பிரிக்கிறார்கள்.

இதை ஆப்பிள் நிறுவனம் வெளியான சில நாட்களுக்குள் தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது. சிறுவர்கள் துன்புறுத்தப்படுவதைக் காட்டுகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆண்டிராய்டு கைப்பேசிக்கும் கணினிக்கும் இது வேறு வழியில் வெளியிடப்பட்டது.

நேயர்களே, இந்த விளையாட்டில் கூர்மையான இடம் ஒன்று இருக்கிறது. காங்கோ சிறுவனின் துயரத்தைப் படமாகப் பார்த்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். இங்கே அப்படி முடியாது. அவனை அதட்டுவது நம் விரல். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும், அந்த விரல் தயங்குவதை விட்டுவிடுகிறது. விளையாட்டின் விதி நம்மைக் கங்காணி ஆக்கிவிடுகிறது.

கங்காணி என்ற சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நடந்தது. அந்தக் கங்காணி யார்? பெரும்பாலும் நம் ஊர்க்காரர். நம் மொழி பேசியவர். மேலே இருந்த துரை இத்தனை ஆள், இத்தனை வெட்டு என்று கணக்குக் கேட்டார். அந்தக் கணக்கை நிறைவேற்றத் தன் சனங்களையே அதட்டினார் கங்காணி. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்த நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு, எங்கோ ஒரு தேசத்தில் மோட்டார்க் காரின் டயராக ஓடியது. அந்தக் காரை ஓட்டியவர் நம் லயத்து வீட்டை நினைத்துப் பார்த்திருப்பாரா? இன்று கைப்பேசியைத் தடவும் நாம் காங்கோ சிறுவனை நினைப்பதும் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனம் திறந்து பேசுவோம். இன்று நம் நாட்டுத் தோட்டங்களில் மரம் வெட்டுவோரும் செம்பனைக் குலை சுமப்போரும் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். கடன்பட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள் அவர்களில் பலர். நம்மவர் சிலர் இப்போது அவர்களுக்கு மண்டோராக இருக்கிறார்கள். நேற்று அதட்டு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதட்டுகிறவர்களாக மாறிவிடலாமா? அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நாட்டைச் சொல்லி ஏளனமாகக் கூப்பிடும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறதா என்று பெற்றோர்களே கவனியுங்கள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அதில் வரும் தொழிலாளிக்குப் பெயரில்லை, பேச்சில்லை. தோண்டுகிறான், விழுகிறான், அவ்வளவுதான். உண்மையில் தொழிலாளி பேசுவான், சங்கம் சேர்வான். நம் நாட்டிலேயே 1954ஆம் ஆண்டில், தனித்தனியே இருந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஆயின. இந்தப் பாதிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள், அனுபவப்பட்ட நாம்தான்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்வது இது. இந்த விளையாட்டைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அதில் தற்கொலைக் காட்சி இருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு பெற்றோரும் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும், "நீ யாராக விளையாடினாய்? உனக்கு உத்தரவு போட்டது யார்? ஆதாயம் யாருக்குப் போயிற்று?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்தக் கேள்விகள் நாளை வேலைக்குப் போகும்போதும் உதவும். தொழிற்சாலைக்கோ அயலூருக்கோ ஆள் சேர்க்க ஏஜெண்டு வந்தால், ஒப்பந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி, சொக்சோ ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கடப்பிதழை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் நம் பிள்ளைக்கு மட்டுமன்று, அடுத்த லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் காவல்தான். அவருக்கு அது தெரியாவிட்டால், தெரிந்த நாம் எடுத்துச் சொல்லலாம்.

கைப்பேசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருப்பதைப் பழுது பார்த்து இன்னும் ஓராண்டு வைத்திருந்தாலும், குப்பையில் ஒன்று குறையும். கையில் இருக்கும் பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதைப் பிள்ளை அறிந்து வளரட்டும். அப்படி வளர்ந்த பிள்ளை, நாளை அதிகாரம் கைக்கு வந்தாலும் ஆளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.