மறுநாளைக்கு நிற்காத கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு மதுக்கிடங்கைப் பற்றிப் பேசப் போகிறேன். இத்தாலியில் இருக்கும் அந்தக் கிடங்குக்குள் என் தாத்தா எப்படி வந்தார் என்பதுதான் இந்த உரை.

சென்ற ஆண்டு சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் பத்து நாள் இருந்தேன். வடமராட்சிக்காரரான ஓர் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். போருக்குத் தப்பிப் போன ஈழத்தமிழர்கள் அந்நகரில் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுவேலைதான். நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கிறது. அங்கே நம்மவர்கள், சைவர்கள் உட்பட, நேர்ந்துகொண்டு மலையேறிப் போகிறார்கள்.

அந்த மலையடிவாரத்தில் அரெனெல்லா என்ற கடற்கரை. அங்கே பழைய சூரைமீன் துறையும் கூர்முனைகள் கொண்ட ஒரு மாளிகையும் உண்டு. ஃப்ளோரியோ குடும்பத்தின் சொத்தாக இருந்தவை. அந்தக் குடும்பம் 1799இல் கலாப்ரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தது. பலெர்மோவில் மருந்துச் சரக்கும் வாசனைச் சரக்கும் விற்றார்கள். நம்மூர் நாட்டுமருந்துக் கடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பையன் வின்சென்சோ 1833இல் தீவின் மேற்குக்கோடியில் உள்ள மர்சாலா ஊரில் ஒரு மதுக்கிடங்கு கட்டினான். இன்று அது பார்வையாளர் வந்துபோகும் இடம். கச்சேரியும் விருந்தும்கூட அங்கே நடக்கின்றன. அண்ணனுக்கு விடுமுறை கிடைத்த நாளில் இருவரும் பேருந்து ஏறினோம்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. கடலோரச் சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிய தரை. கண்ணுக்கு எட்டியவரை வளைவுகள், அவற்றின் கீழே வரிசையாக ஓக் பீப்பாய்கள். மரமும் உலர்ந்த பழமும் கலந்த வாசம். பீப்பாய்களிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும், அது தேவதைகளின் பங்கு என்றார் வழிகாட்டிய இளம்பெண்.

மர்சாலா மது உலகுக்குத் தெரியவந்த கதை எளிமையானது. 1773இல் ஜான் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் இந்த ஊர் திராட்சை மதுவைக் கப்பலில் அனுப்ப நினைத்தார். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க அதில் சாராயம் கலந்தார். அது தாங்கியது. 1800இல் நெல்சனின் கடற்படைக்கே மர்சாலா போனது. பிறகு அமெரிக்காவில் மதுவிலக்கு வந்த காலத்தில் இதே மது மருந்து என்ற பெயரில் அங்கே விற்கப்பட்டிருக்கிறது.

சுற்றி முடிந்ததும் வழிகாட்டி சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஊரில் என்ன மது செய்வீர்கள்?"

"எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

அது பொய். என் தாத்தா விளவங்கோட்டுப் பக்கம் பனையேறி.

காலையும் மாலையும் ஏறுவார். மிருக்குத்தடி, பாளை அருவா, இடுப்பில் அருவாப்பெட்டி. நெஞ்சிலும் கையிலும் மரம் உரசிய காய்ப்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் அக்கானி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு பூசாமல் கட்டினால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். ஒரே பாளை, ஒரே சாறு. பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன தொழில் என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லுவேன். வீட்டை இடித்துக் கட்டியபோது பாளை அருவாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டவன் நான்தான். மிருக்குத்தடி அடுப்புக்குப் போனது.

திரும்பும் பேருந்தில் அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஏன் தம்பி இல்லையெண்டு சொன்னனீங்கள்? என்ர அப்பா கள்ளுச் சீவினவர். ஊருக்குள்ள கிணத்தில தண்ணி அள்ள விடமாட்டினம். ஆனா அவர் சீவின கள்ளை மட்டும் வாங்கிக் குடிப்பினம். நானும் இஞ்ச வந்து கனகாலம் அவர் தோட்டம் செய்தவர் எண்டுதான் சொன்னனான்."

அன்று இரவு எனக்கு ஒன்று புரிந்தது. மர்சாலா கெட்டுப்போகாது. அதனால் அதைச் சேர்த்துவைக்கலாம், கடல் கடத்தலாம், விலை ஏறக் காத்திருக்கலாம். ஆகவே அதற்கு ஒரு முதலாளி கிடைத்தார். முதலாளிக்கு மாளிகையும், மாளிகைக்கு வரலாறும் கிடைத்தன. கள் மறுநாளைக்கு நிற்காது. காலையில் இறக்கியது அன்றைக்கே தீரவேண்டும், இல்லையென்றால் காடியாகிவிடும். அதைச் சேர்த்துவைத்துப் பணக்காரன் ஆக முடியாது. அதற்குக் கிடங்கு இல்லை, முத்திரை இல்லை. இருந்தது ஏறுகிற ஓர் ஆள் மட்டும். நாம் அவரைத் தொடாமல் அவர் இறக்கியதைக் குடித்தோம்.

நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குடி அழித்த வீடுகளில் என் மாமா வீடும் ஒன்று. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் 1987இல் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டது. 2003 முதல் அரசே கடை திறந்து புட்டியில் விற்கிறது. கலயம் குற்றம், புட்டி வருமானம். இதில் எனக்குப் பிடிபடாதது குடி அல்ல, மானம். எந்தக் குடிக்கு மானம் உண்டு, எதற்கு இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

நம் பழம்பாடல்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. அதியமான் தனக்குக் கள் தந்ததை ஔவை அவன் இறந்த துக்கத்தில் நினைத்துப் பாடுகிறாள். யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் சொல்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. வந்த சாடியின் ஓடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இங்கே பனையில் தொங்கிய கலயத்தின் ஓட்டை யார் எடுத்துவைத்தார்கள்?

எடுத்துவைத்தது இலக்கியம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. பனையேறி தங்கராஜை எங்கள் ஊர்ப் பேச்சோடு ஒரு நாவலுக்குள் மனிதனாக நடக்கவிட்டார். கல்லூரியில் அதைப் படித்தபோது கதையை மட்டும் ரசித்துவிட்டு, என் வீட்டில் ஒரு தங்கராஜ் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கே. டானியல் எழுதியது அண்ணனின் அப்பா போன்றவர்களைத்தான். கிடங்கு இல்லாத பொருளுக்கும் அதைச் செய்த மனிதருக்கும் எழுத்துதான் கிடங்கு.

மர்சாலாவிலும் ஒன்றைக் கவனித்தேன். ஃப்ளோரியோவின் பெயர் சுவரெங்கும் இருக்கிறது. பீப்பாய் செய்தவர்கள், திராட்சை பறித்தவர்கள் பெயரைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. நாங்கள் வெளியே வரும்போது ஒரு மாலை நிகழ்ச்சிக்காக வெள்ளை நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டிருந்த ஆட்களையும் நாங்கள் பெயர் கேட்கவில்லை.

தாத்தாவின் பாளை அருவா இனி எனக்குக் கிடைக்காது. அதன் வளைவு, கைப்பிடி, தீட்டும்போது வரும் சத்தம், அருவாப்பெட்டிக்குள் இருந்த சுண்ணாம்பு வாசம் எல்லாவற்றையும் இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையாகுமா என்று தெரியாது. உங்களில் யாருடைய தாத்தாவாவது பனையேறி என்றால், அடுத்த முறை யாராவது தொழில் கேட்கும்போது விவசாயம் என்று சொல்லாதீர்கள்.