இரண்டு புற்றுகள்

சங்கரன்கோவிலுக்கு வந்தவர் எவரும் கோயிற் புற்றுமண்ணை அறியாமல் திரும்புவதில்லை. அம்மண்ணை ஒரு சிட்டிகை நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைப் பொட்டலமாக மடித்து ஊருக்கு எடுத்துச் செல்வார்கள். உயிரியல் கற்பிக்கும் எனக்குப் 'புற்று' என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். கொடியதொரு நோய்க்கும் தமிழில் அதே பெயர் வழங்குகிறது. மேடிட்டு வளர்வதால் வந்த பெயர் எனலாம். கிரேக்கர் அதனை நண்டு என்றனர்.

ஆயினும் இவ்விரு புற்றுகளும் இயல்பில் நேர்மாறானவை. கறையான்களுக்குக் கட்டளையிடும் மேற்பார்வையாளன் எவனும் இல்லை. ஒன்று வைத்த ஈரமண் உருண்டையை மற்றொன்று உணர்ந்து, அதனருகே தன் உருண்டையை வைக்கிறது. இப்படிக் குறிப்பறிந்து ஒழுகுவதனாலேயே ஆளுயரக் கோட்டை எழும்புகிறது.

நம் உடலும் அத்தகையதே. ஒரு தொழிலுக்கென ஒன்றுகூடிய உயிரணுக்களின் தொகுதியைத் திசு என்கிறோம். நெய்த துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. தறியோசையிலேயே வளரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

விரலில் கத்தி பட்டுவிட்டது என்று கொள்வோம். காயத்தின் ஓரத்திலுள்ள தோல் அணுக்கள் பிடியைத் தளர்த்தி, வெற்றிடத்தை நோக்கி நகர்கின்றன. பின்னால் உள்ளவை பிளந்து பெருகுகின்றன. இரு கரையிலிருந்தும் வந்தவை நடுவே ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடுகின்றன. வளர்வதைவிட நிற்பதே அரிய செயல் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் ஆபர்குரோம்பி, ஹெய்ஸ்மன் என்ற இரு அறிஞர்கள் கோழிக்குஞ்சின் இதயத்திலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணாடியின்மேல் வளர்த்து, அவை ஒன்றையொன்று தொட்டதும் மேற்செல்லாது நிற்பதை அளந்து காட்டினர். 1953, 1954 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அக்கட்டுரைகளுக்கு அவர்கள் இட்ட தலைப்பிலேயே, உயிரணுக்களின் 'சமூக நடத்தை' என்ற தொடர் இருந்தது. புற்று அணுக்களோ அண்டையாரைத் தொட்டும் நிற்பதில்லை, மேலேறிச் செல்கின்றன.

ஏன் இந்த மாறுதல்? ஒவ்வோர் அணுவினுள்ளும், பெருகு, நில் என்னும் கட்டளைகளை ஏற்கும் மரபணுக்கள் உள்ளன. திருத்த இயலாத பழுது நேர்ந்தால், தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இவற்றுள் பல ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டபின்னரே புற்று தோன்றுகிறது; அதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கன்னத்தின் உட்படலம் அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. நாள்தோறும் நச்சுச்சாறு படுவதால் அங்கே பழுதுகள் சேர்கின்றன. புகையிலை சேராத வெற்றிலைபாக்கு தீங்கற்றது என்று பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கே புற்றுநோய் விளைவிக்கும் என்று 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உரைத்தது. திருமணப் பந்தியில் இதைச் சொன்னால் என்னை யாரும் மறுமுறை அழைக்கமாட்டார்கள்!

வெண்படையோ செம்படையோ, மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ வாயில் இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். நெற்றியில் இடும் மண்ணைப்பற்றி நான் ஒன்றும் சொல்லேன்; புண்ணில் அதைப் பூசிக் காலம் கடத்துவதே அச்சம் தருவது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954 ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அத்தகைய இடங்களில் ஐயத்திற்குரிய பகுதியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியின்கீழ் வைக்கிறார்கள். உட்படலத்தின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். கெட்ட அணுக்கள் அதன் மேலேயே நிற்கின்றனவா, கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டனவா என்று மருத்துவர் தேடுவார். சவ்வு கிழியாதிருந்தால் நோய் இன்னும் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. அதனை வெட்டி அகற்றிவிடலாம்.