பிரிபுனலில் ஒரு கோடு



ஒரு காகிதப் பொட்டலம், அதில் இரண்டு கிராம் வெள்ளைப் பொடி. இளநிலை வேதியியல் மாணவரின் கையில் கொடுக்கப்படுவது அவ்வளவுதான். உள்ளே இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்திலும், கடலூர்க் கல்லூரிகளிலும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பழகிவரும் வேலை இது. என்னைக் கேட்டால், இதைப் பாடம் என்பதைவிடக் கைத்தொழில் என்பதே பொருந்தும்.

பென்சாயிக் அமிலமும் நாஃப்தலீனும் கலந்த பொடி என்று வைத்துக்கொள்வோம். நாஃப்தலீன் வேறொன்றுமில்லை, துணி அலமாரியில் போடும் அந்துருண்டைதான். இரண்டும் ஈதரில் கரையும். அந்தக் கரைசலைப் பிரிபுனலில் ஊற்றி, சோடியம் பைகார்பனேட் கரைத்த தண்ணீரைச் சேர்த்தால், அமிலம் உப்பாக மாறித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நாஃப்தலீன் மேலே ஈதரிலேயே தங்கிவிடும்.

குலுக்குவதில்தான் கை தெரியும். அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். மூடியை உள்ளங்கையால் அழுத்தி, புனலைத் தலைகீழாகச் சாய்த்து, குழாயைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். மறந்தால் மூடி தெறிக்கும். வேகமாகக் குலுக்கினால் இரண்டு அடுக்கும் குழம்பிப் பால்போல் ஆகிவிடும். அப்போது ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அடுக்குகள் நடுவே கோடு தெளிந்த பிறகு கீழ்த்தண்ணீரை இறக்கலாம், கடைசித் துளிகளை மட்டும் மிக மெதுவாக.

அந்தத் தெளிந்த தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒன்றுமில்லாத இடத்தில் வெள்ளைப் படிகங்கள் பஞ்சுபோல் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை. உப்பாகிக் கண்ணுக்கு மறைந்த பொருள், குணம் மாறாமல் திரும்பி வருகிறது.

நம் பிள்ளைகள் இன்றும் புரட்டும் வோகல் என்ற வேதியியலாளரின் செய்முறை நூல் 1948-இல் லண்டனில் வந்தது. நம் வெயில் அதற்குத் தெரியாது. ஈதர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். சித்திரை மாதத்துக் கடலூர்ப் பகல் அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஈதர் வேலையைக் காலையிலேயே முடிக்க வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு மேசையாகப் பரவும். அறையில் ஒரு பர்னர்கூட எரியக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. கடற்காற்றின் ஈரத்தில் படிகம் காய்வதில்லை. ஒரு கிராம் அமிலம் போட்ட இடத்தில் ஒன்றேகால் கிராம் கிடைத்ததாகத் தராசு காட்டும். அந்தக் கால் கிராம் தண்ணீர்.

குறைவாகக் கிடைத்தால் மதிப்பெண் போய்விடும் என்று பயந்து, ரெக்கார்டில் எண்ணைக் கூட்டி எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் நோகும். 25 டிகிரி வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரே 0.34 கிராம் பென்சாயிக் அமிலத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கழுவும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போய்விடும். இது திருட்டுமல்ல, தவறுமல்ல. கிடைத்ததை அப்படியே எழுதி, போனது எங்கே என்று விளக்கும் மாணவருக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

கிடைத்தது தூயதுதானா? உருகுநிலை சொல்லும். பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருகும். ஆனால் பீட்டா நாஃப்தால் என்ற வேறொரு பொருளும் ஏறக்குறைய அதே 122-இல்தான் உருகும்! வெப்பமானியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பாட்டிலில் உள்ள தூய பென்சாயிக் அமிலத்தில் சிறிது எடுத்து, நம் படிகத்தோடு அரைத்து உருக்கிப் பார்க்க வேண்டும். 122-இல் நின்றால் இரண்டும் ஒன்றே. முன்னதாகவே இளகத் தொடங்கினால் நம் கையில் இருப்பது வேறு பொருள். பிரித்ததைச் சோதிக்க மறுபடியும் கலக்கிறோம். இந்த முறையை முதலில் கண்டவரின் புத்திக்கு என் வணக்கம்.

எனக்கு ஓர் ஆசை. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்து மணலில் வெட்டிவேர் விளைகிறது. ஒரு கட்டு வேர் நம் ஆய்வகங்களுக்கு வரட்டும். நறுக்கிக் குடுவையில் போட்டு நீராவி பாய்ச்சினால், 100 கிராம் வேருக்கு ஒரு கிராம் எண்ணெய் கிடைத்தாலே நல்ல வேர். அந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், மேலே மிதக்கவும் தயங்கும், கீழே இறங்கவும் தயங்கும். அந்தக் கோடு எப்போது தெளியும் என்று புனலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நம் பிள்ளைகள் காத்திருப்பதை நான் பார்க்க வேண்டும்.